குறுந்தகட்டைப் பழைய பொருள் கடையில் போடுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில், வீட்டில் கிடக்கும் பழைய பாட்டு சிடிக்களைக் கணினியில் ஏற்றிக்கொள்வது எப்படி என்று அரைப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தீர்கள். தகட்டைக் கணினிக்குள் போடுங்கள், எம்பி3 என்பதைத் தேர்ந்தெடுங்கள், பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், அதன் பிறகு தகடுகளைப் பழைய பொருள் கடையில் போட்டுவிடலாம் என்று அதில் இருந்தது. முதல் மூன்று யோசனைகளைப் பற்றி எனக்கு மனத்தாங்கல்தான். நான்காவதைப் படித்ததும் கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்த யோசனையை ஒன்றரை ஆண்டுக்கு முன்பே கேட்டு நடந்து, பட்டுத் தெளிந்தவன் நான்.

கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் 34 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தினேன். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் சேர்ந்து, கணினி வந்து சில ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்றேன். சங்கீதம் பயின்றவன் அல்லன். கேட்பேன், தொடையில் தாளம் போடுவேன், அவ்வளவுதான். வாங்கியதும் வந்ததுமாக என்னிடம் 143 குறுந்தகடுகள் சேர்ந்திருந்தன. பெரும்பாலும் மேடைக் கச்சேரிப் பதிவுகள். ஸ்டுடியோவில் துடைத்து வைத்ததுபோல் பாடியதைவிட எனக்கு அவைதாம் பிடிக்கும். முன்வரிசையில் யாரோ இருமுவதும், பின்னாலிருந்து ஒருவர் ‘பலே’ என்பதும் அவற்றில் இருக்கும்.

தகடு வாசிக்கும் கருவி பழுதாகி, அதைச் சரிசெய்யவும் ஆள் கிடைக்காமல் போனபோது, ஊரிலுள்ள ஒரு கடையில் அத்தனையையும் கொடுத்தேன். தகட்டுக்கு 15 ரூபாய் கூலி. நான்காம் நாள் பென்டிரைவ் ஒன்று வந்தது. கூடவே தகடுகளும் வந்தன, உறையில்லாமல், தோசை அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு பிளாஸ்டிக் பையில். எண்ணிப் பார்த்தேன்: 132. மீதி 11 எங்கே என்று கேட்டேன். “எல்லாம்தான் பென்டிரைவில் வந்துவிட்டதே ஐயா, தகட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?” என்றார் கடைக்காரர். உங்கள் குறிப்பின் கடைசி வரியை அவர் எனக்கு முன்கூட்டியே வாசித்துக் காட்டிவிட்டார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அன்று மாலை முதலில் போட்டது, ஒரு சபா தன் ஆண்டு விழாக் கச்சேரியைப் பதிந்து வெளியிட்ட இரட்டைத் தகடு. அரங்க வாசலில் மேசை போட்டு விற்றார்கள். கடைகளுக்கு அது வந்ததே இல்லை. அந்தக் கச்சேரிக்குக் கடம் வாசித்தவன் என் தம்பி. அவன் இப்போது இல்லை.

இரண்டாவது தகட்டில் ராகம், தானம், பல்லவி, தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் என்று நான்கு ட்ராக்குகள். பல்லவி கண்டஜாதி திரிபுடை தாளம். ஒரு தட்டு, நான்கு விரல், தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று சுற்றுக்கு ஒன்பது அட்சரம், அதாவது ஒன்பது எண்ணிக்கை. தாளத்தின் கடைசிச் சுற்றில் பாட்டு நிற்க, அதே மூச்சில் மிருதங்கம் எடுத்துக்கொள்ளும். தகட்டில் அந்த இடத்தில்தான் மூன்றாம் ட்ராக் முடிந்து நான்காவது தொடங்குகிறது. பழைய கருவியில் கேட்கும்போது எண் மாறுவது கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. பென்டிரைவில் கேட்டபோது, கடைசி வீச்சு முடிந்து அடுத்த சுற்றின் முதல் தட்டான சமத்துக்கு என் கை தொடையில் விழுந்தது. மிருதங்கம் வரவில்லை. தம்புரா நின்றுவிட்டது. அரங்கத்தின் இரைச்சலும் அற்றுப்போய், கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பதுபோல் ஒரு மௌனம். பிறகு ‘டக்’ என்று ஒரு வெட்டு, அதன்பின் மிருதங்கம். அதற்குள் என் சுண்டுவிரல் எண்ணத் தொடங்கியிருந்தது. எழுபது வயதுக்குமேல் ஆகிறதே, தாளம் தப்பியது நானாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தபோது, மூன்று முறையும் அதே இடத்தில் தப்பியது. ராகத்துக்கும் தானத்துக்கும் நடுவிலும் அதே வெட்டு.

எதிர்வீட்டுப் பெண் பொறியியல் படிக்கிறாள். அவள்தான் காரணத்தைச் சொல்லிப் புரியவைத்தாள். குறுந்தகட்டில் ஒலி என்பது விநாடிக்கு 44,100 எண்களாக, அவர்கள் மொழியில் சாம்பிள்களாக, எழுதப்பட்டிருக்கிறது. அதுவும் இடது, வலது இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியே. அவற்றை விநாடிக்கு 75 துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். துண்டுக்கு 588 சாம்பிள். ஒரு ட்ராக் எங்கே முடிந்தாலும் இந்தத் துண்டின் விளிம்பில்தான் முடியும். எம்பி3 என்ற முறையோ ஒலியை 1,152 சாம்பிள் கொண்ட பெட்டிகளில்தான் அடைக்கும். 588-ஐ அடுக்கிக்கொண்டே போனால் 1,152-இல் சரியாக வந்து நிற்பது அபூர்வம். கடைசிப் பெட்டியில் மிஞ்சும் இடத்தை வெறுமையால் நிரப்புகிறார்கள். தொடக்கத்திலும் கொஞ்சம் வெறுமை சேர்கிறது. எம்பி3 ஆக்கும் முறையே அப்படி.

இது எனக்கு உடனே புரிந்துவிட்டது. அச்சகத்தில் 16 பக்கங்களை ஒரே தாளில் சேர்த்து ஓட்டுவதைப் பாரம் என்போம். நூல் 250 பக்கத்தில் முடிந்தால் பதினாறு பாரம் ஓட்ட வேண்டும். மிச்சம் ஆறு பக்கம் வெற்றுத்தாள். நூலின் கடைசியில் ஆறு பக்கம் வெறுமையாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஒவ்வோர் அத்தியாயத்தையும் தனித்தனி நூலாகக் கட்டி, ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் வெற்றுத்தாள் வைத்து, ஒரு வாக்கியத்தின் பாதியில் அத்தியாயத்தை உடைத்திருந்தால் எப்படி இருக்கும்? என் கச்சேரிக்கு நேர்ந்தது அதுதான்.

கணக்குப் பார்த்தால் தொடக்கத்தின் வெறுமை விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு. கடைசியையும் சேர்த்தால் சில சமயம் இருபதில் ஒரு பங்கு வரும். என் பாட்டுப் பெட்டி ஒரு கோப்பை மூடி அடுத்ததைத் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. லேம் என்ற எம்பி3 மென்பொருள், முன்னே எத்தனை சாம்பிள் வெறுமை, பின்னே எத்தனை என்பதைக் கோப்பின் தலைப்பகுதியிலேயே குறித்து வைக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த பாட்டுக் கருவிகள் அவ்வளவையும் கத்தரித்துவிட்டு ஒட்டிப் பாடும். கடைக்காரர் எந்த மென்பொருளை ஓட்டினாரோ, கோப்பில் அந்தக் குறிப்பு இல்லை. இருந்திருந்தாலும் என் பெட்டிக்குப் படிக்கத் தெரியாது.

ஃபிளாக் என்று இன்னொரு வகைக் கோப்பு 2001 முதல் புழக்கத்தில் இருக்கிறது. எதையும் வெட்டாமல் ஒலியைச் சுருக்கி வைத்து, விரிக்கும்போது ஒரு சாம்பிள் கூடாமல் குறையாமல் திருப்பித் தரும். இடம் அதிகம் பிடிக்கும் என்பார்கள். ஒரு தகட்டுக்கு 300, 400 மெகாபைட் ஆகிறது. என் 132 தகடுகளும் ஒரு 64 ஜிபி பென்டிரைவில் அடங்கிவிட்டன. அதை வாசிக்க ஒரு சிறு பெட்டி புதிதாக வாங்க வேண்டியிருந்தது, உண்மைதான். உங்கள் குறிப்பில் ஃபிளாக் என்ற சொல்லே இல்லை.

இடைவெளி வருவதற்கு வேறு வழிகளும் உண்டு. வீட்டில் சிடி எழுதும்போது ட்ராக் ட்ராக்காக எழுதச் சொன்னால், ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு விநாடி மௌனம் விழும். தகடு முழுவதையும் ஒரே ஓட்டமாக எழுதச் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவர் அன்பாக எழுதிக் கொடுத்த நான்கு தகடுகளில் இந்தக் குறை இருக்கிறது, அவரிடம் சொல்லவில்லை. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சில தகடுகளில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வரும் கைதட்டலையும் சுருதி சேர்ப்பதையும் அடுத்த ட்ராக்கின் முன்பகுதி என்று குறித்திருப்பார்கள். பழைய கருவிகளில் அந்த நேரத்தில் விநாடிகள் கழித்தல் குறியோடு இறங்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். இடைவெளிகளை நீக்கவும் என்ற கட்டளையைத் தெரியாமல் அழுத்தினால் அவ்வளவும் போய்விடும். வயலின்காரர் சுருதி கூட்டுவதை யார் கேட்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். நான் கேட்பேன்.

இனி, எனக்குத் தொழில்முறையில் வயிற்றெரிச்சல் தந்த விஷயம். கணினித் தரவு உள்ள தகட்டில் பிழை கண்டுபிடிப்பதற்கென்றே ஒவ்வொரு துண்டிலும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். துண்டுக்கு 2,352 பைட் இருந்தாலும் தரவுக்குக் கிடைப்பது 2,048 தான். பாட்டுத் தகட்டில் 2,352-உம் ஒலிக்கே போய்விடுகிறது. பாட்டுத் தகட்டுக்கும் பிழை திருத்தும் ஏற்பாடு உண்டு, நல்ல ஏற்பாடுதான். இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்கு அழிந்துபோனதைக்கூட மீட்டுவிடும். ஆனால் அதையும் மீறிய கீறல் வந்தால், கருவி முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்து நடுவில் இருந்திருக்கக்கூடியதை ஊகித்து நிரப்பிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மேலே போகும். மூலத்தில் சிதைந்திருந்த வரியைத் தானாக எழுதிச் சேர்த்துவிட்டு, கேள்விக்குறிகூடப் போடாத அச்சுக்கோப்பாளர் ஒருவர் எங்களிடம் இருந்தார். அவர் நினைவுதான் வந்தது.

எங்கள் அச்சகத்தில் முக்கியமான நூல்களுக்கு இருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்ப்போம். ஒருவர் மூலத்தை நிறுத்தற்குறி உட்பட உரக்கப் படிப்பார், மற்றவர் அச்சுப்படியில் விரலை ஓட்டுவார். எதிர்வீட்டுப் பெண் என் கணினியில் நிறுவிக்கொடுத்த எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளும் ஏறத்தாழ இதையே செய்கிறது. ஒரு ஜெர்மானியர் எழுதியது. சொந்த உபயோகத்துக்குக் கட்டணமில்லை. ஒவ்வொரு துண்டையும் குறைந்தது இரண்டு முறை படித்து ஒப்பிடுகிறது. ஒத்துப்போகாவிட்டால் திரும்பத் திரும்பப் படிக்கிறது, மோசமான இடத்தில் 82 முறை வரைக்கும். அப்போதும் ஒத்துவராவிட்டால், இந்த நிமிடம் இந்த விநாடியில் எனக்குச் சந்தேகம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறது. இதில் ஒரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. பல சிடி டிரைவ்கள் ஒரு முறை படித்ததைத் தம் நினைவில் வைத்துக்கொண்டு, இரண்டாம் முறை கேட்டால் தகட்டைப் பாராமலே ஒப்பிக்கும். மூலத்தைப் பார்க்காமல் மனப்பாடமாகச் சொல்லும் உதவியாளரை வைத்துக்கொண்டு மெய்ப்புப் பார்த்தால் என்ன ஆகும்? அதனால் அந்த நினைவை முதலில் அழிக்கச் செய்துவிட்டுத்தான் மறுபடி படிக்க வைக்கிறார்கள்.

தம்பி வாசித்த தகட்டை இப்படிப் படிக்க வைத்தேன். முதல் மூன்று ட்ராக்கும் தப்பின்றி வந்தன. தனி ஆவர்த்தனத்தில், மிருதங்கம் ஓய்ந்து கடம் மட்டும் போகும் இடத்தில், டிரைவ் முக்கி முனகி நின்றது. கடையில் தோசை அடுக்கியபோது விழுந்த கீறல் சரியாக அங்கே இருந்தது. அதுவும் தகட்டின் வட்டத்தோடு ஓடும் கீறல். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கீறல் பரவாயில்லை, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் அழியும். வட்டத்தோடு போவது ஒரே இடத்தைத் தொடர்ந்து தின்றுவிடும். தகட்டைத் துடைக்கும்போதும் அதனால்தான் வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து வெளியே துடைக்கச் சொல்கிறார்கள். மூன்று மாலைகள் துடைத்துத் துடைத்து முயன்றேன். நடக்கவில்லை.

அக்யூரேட்ரிப் என்று ஒரு பொதுத் தொகுப்பு இருக்கிறது. உலகில் பலர் தங்கள் தகட்டிலிருந்து எடுத்த ஒவ்வொரு ட்ராக்குக்கும் அதன் சாம்பிள்களிலிருந்து கணக்கிட்டுக் கிடைத்த சரிபார்ப்பு எண்ணை அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம் எண் அதோடு ஒத்துப்போனால் எடுத்தது சரி. புகழ்பெற்ற தகடுகளுக்கு இது அருமையான துணை. சபா வாசலில் விற்ற தகடு அங்கே எப்படி இருக்கும்? இல்லை.

அப்போதுதான் உ.வே.சா. நினைவுக்கு வந்தார். எங்கள் ஊர்க் கல்லூரியில் ஆசிரியராக இருந்த காலத்தில்தானே அவர் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஒரு பிரதி பழுதென்றால் இன்னொரு பிரதி தேடு. மன்னார்குடியில் ஒரு நண்பர் அதே கச்சேரிக்கு என்னோடு வந்திருந்தார், அவரும் தகடு வாங்கினார். அவருடைய தகட்டில் தானம் இருக்கும் இரண்டாம் ட்ராக் பழுது, தனி ஆவர்த்தனம் நன்றாக இருந்தது. அவர் தம் கணினியிலேயே எடுத்து எனக்கு அனுப்பினார். என்னுடைய பல்லவியையும் அவருடைய தனியையும் ஃபிளாக் கோப்பாகச் சேர்த்துப் போட்டால், அதே இடத்தில் மெல்லிய ‘டிக்’. மௌனம் இல்லை, தாளமும் நகரவில்லை, ஆனால் நகம் இடறுவதுபோல் ஒன்று.

காரணம் இது. பாட்டுத் தகட்டில் ஒவ்வொரு சாம்பிளுக்கும் துல்லியமான முகவரி கிடையாது. ஆகவே ஒவ்வொரு வகை டிரைவும் கேட்ட இடத்துக்குச் சற்று முன்போ பின்போ இருந்து எடுத்துத் தருகிறது. எவ்வளவு விலகல் என்பது அந்த வகைக்கு மாறாது. என் டிரைவின் விலகல் 667 சாம்பிள், நண்பருடையது 6. ஒரே டிரைவில் முழுத் தகட்டையும் எடுத்தால் நடுவில் எதுவும் தொலையாது. வெட்டும் கோடுகள் எல்லாம் ஒரே அளவு நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். இரண்டு டிரைவில் எடுத்ததை ஒட்டும்போதுதான் வினை. 661 சாம்பிள், விநாடியில் ஆயிரத்தில் 15 பங்கு, பொருந்தாமல் போகும். வண்ண அச்சில் சிவப்பு மைக்கான அச்சுத்தகடு ஒரு மயிரிழை விலகினால் முகமெல்லாம் நிழலாடுமே, அதுபோல. பொதுத் தொகுப்பில் உள்ள ஒரு பிரபலமான பக்திப் பாடல் தகட்டைப் போட்டால் விலகல் எவ்வளவு என்று மென்பொருளே கண்டு சொல்லிவிடுகிறது. நண்பரும் நானும் அவரவர் விலகலைக் கணக்கில் கொடுத்து மறுபடி எடுத்தோம். பழுதில்லாத முதல் ட்ராக்குக்கும் மூன்றாவதுக்கும் எங்கள் இருவர் சரிபார்ப்பு எண்ணும் எட்டு இலக்கமும் ஒன்றாக வந்தன. மெய்ப்பில் பிழையே காணாத பக்கத்தை 34 ஆண்டில் சில முறைதான் பார்த்திருக்கிறேன். அன்று இரவு அந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, விரல் வைத்துச் சரிபார்த்தேன்.

இப்போது கடைசி வீச்சு முடிந்து கை தொடையில் விழும்போது மிருதங்கமும் விழுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி வருகிறான்.

இந்த ஒட்டுவேலை சாத்தியமானதற்குக் காரணம், மன்னார்குடி நண்பர் தம் தகட்டைக் கடையில் போடாமல் வைத்திருந்ததுதான். திரும்பி வராத என் 11 தகடுகளில் ஏழு கடைகளில் விற்றவை. தேடினால் யாரிடமாவது கிடைக்கும். மற்ற நான்கும் வெவ்வேறு சபாக்களின் தகடுகள். அவற்றுக்கு இடைவெளி விழுந்த எம்பி3 மட்டும்தான் இனி எனக்கு.

ஆகவே ஞாயிறு இணைப்பிதழில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எம்பி3 வேண்டுவோர் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும், பஸ்ஸில் கேட்க அது போதும். முதலில் ஃபிளாக் கோப்பாக, இரண்டு முறை படித்து ஒப்பிடும் மென்பொருளால் எடுக்கட்டும். அது தரும் அறிக்கையையும் கோப்போடு சேர்த்து வைக்கட்டும். இரண்டு ட்ராக் சேரும் இடங்களை ஒருமுறை காதால் கேட்கட்டும். கடையில் கொடுப்பவர்கள், சேரும் இடத்தில் அறுபடாமல் வருமா என்று கேட்டுவிட்டுக் கொடுக்கட்டும். கடைக்காரர் விழித்தால் தகடுகளோடு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அலமாரி நிறையப் பதிவுகளை வைத்துக்கொண்டு, தன்னார்வ இளைஞர்களிடம் பென்டிரைவ் கொடுத்து ஏற்றச் சொல்லும் சபாக்களுக்கும் இது பொருந்தும். அந்தச் சிறிய வெளியீடுகளுக்கு வேறு பிரதி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பின்குறிப்பு: அதே குறிப்பில் மூன்றாம் பத்தி, ஐந்தாம் வரியில் ‘ஒலித்தட்டு’ என்பது ‘ஒளித்தட்டு’ என்று அச்சாகியிருக்கிறது. ஒளியால்தானே வாசிக்கிறது, அதனால் சரிதான் என்று வாதாட வேண்டாம். தலைப்பில் ‘ஒலி’ என்றே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
கும்பகோணம்.